வலப்பக்க நாற்காலியும் நரம்புச் சிலந்தியும்

நேயர்களுக்கு வணக்கம்.

மாற்கு சுவிசேஷத்தின் 10-ஆம் அதிகாரத்தில் ஒரு பதவிப் பேரம் வருகிறது. யாக்கோபும் யோவானும் இயேசுவிடம் போய், உம்முடைய மகிமையில் எங்களுக்கு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என இரண்டு இடம் வேண்டும் என்று கேட்கிறார்கள். இதைக் கேட்ட மற்ற பத்துச் சீடர்களுக்கும் எரிச்சல். தங்களை முந்திக்கொண்டார்களே என்ற எரிச்சலாகத்தான் இருக்கும்! அமைச்சர் பட்டியல் வெளியாகும் நாளில் நாமும் பார்ப்பதுதானே. உங்களில் பெரியவனாக விரும்புகிறவன் பணிவிடைக்காரனாக இருக்கட்டும் என்று இயேசு பதில் சொல்கிறார்.

ஆலயத்தில் இதற்கு எல்லாரும் தலையாட்டுவோம். சரி, அரசியலில் நடக்குமா?

அமெரிக்காவின் 39-வது ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரைப் பார்ப்போம். ஜார்ஜியா மாநிலத்தில் பிளெயின்ஸ் என்ற சிற்றூர்க்காரர், கடலை விவசாயி, பாப்டிஸ்ட் சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியர். பதவிக்கு வந்ததும் தன் கடலை வியாபாரத்தில் தலையிடாமல், பொறுப்பை ஓர் அறங்காவலரிடம் விட்டார். நான்கு வருடம் கழித்துத் திரும்பியபோது அது பெருங்கடனில் கிடந்தது.

அவர் ஆட்சி பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். விலைவாசி ஏறியது. ஈரானில் 52 அமெரிக்கர்கள் 444 நாள் பிணைக்கைதிகளாகக் கிடந்தார்கள். 1980 தேர்தலில் படுதோல்வி. நல்ல மனசு மட்டும் இருந்தால் நாடு நடந்துவிடாது. சேவை பற்றிப் பேசும் நாம் இதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

முன்னாள் ஜனாதிபதி என்ற பெயரை வைத்து அங்கே கோடிகளைக் குவிக்கலாம். கார்ட்டர் பெரிய நிறுவனங்களின் இயக்குநர் பதவிகளை நாடவில்லை. புத்தகம் எழுதிச் சம்பாதித்தார்; அதில் தப்பில்லை. 1961-இல் கட்டிய அதே வீட்டில் கடைசிவரை இருந்தார். ஏழைகளுக்கு வீடு கட்டும் இடங்களில் மனைவி ரோசலினோடு சேர்ந்து சுத்தியல் பிடித்தார்.

இதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது நரம்புச் சிலந்தி ஒழிப்பு. நம் பெரியவர்களுக்கு இந்த நோய் தெரிந்திருக்கும். அசுத்தமான குளத்துத் தண்ணீரோடு வயிற்றுக்குள் போய், ஒரு வருடம் கழித்துக் காலில் கொப்புளம் உடைந்து, நூல் போல நீளமாக வெளியே வரும் புழு. குணமாக்க மருந்தில்லை, தடுப்பூசியும் இல்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்க வேண்டும். புழு வெளிவரும் காலைக் குளத்தில் நனைக்கக் கூடாது. இதை ஊர் ஊராகச் சொல்லிப் புரியவைப்பதுதான் வைத்தியம். கார்ட்டரும் ரோசலினும் நிறுவிய தொண்டு அமைப்பான கார்ட்டர் மையம் 1986-இல் இந்த வேலையை முன்னின்று எடுத்தபோது, உலகில் சுமார் 35 லட்சம் பேருக்கு ஆண்டுதோறும் இந்த நோய் வந்துகொண்டிருந்தது. 2023-இல் உலகம் முழுக்க 14 பேர்.

இந்தியாவில் கடைசி நோயாளி 1996-இல். ஆப்பிரிக்கக் கிராமங்களில்தான் வேலை இழுத்தது. அங்கே குளத்துத் தண்ணீர் குடித்த யாருக்கும் அமெரிக்காவில் ஓட்டு கிடையாது. கார்ட்டருக்கும் அதற்குப் பிறகு ஜெயிக்க வேண்டிய தேர்தல் எதுவும் இருக்கவில்லை.

தனக்கு முன்னால் கடைசிப் புழு சாக வேண்டும் என்று 2015-இல், புற்றுநோயை அறிவித்த கூட்டத்தில் சொன்னார். அது நடக்கவில்லை. 2024 டிசம்பரில் 100 வயதில் அவர் போனபோதும் சில நோயாளிகள் மீதி இருந்தார்கள். வடிகட்டித் துணி கொடுக்கும் வேலை இன்னும் நடக்கிறது.

வணக்கம்.