ஃபைலை எங்கே சேமிப்பது என்று இனி சொல்லித்தர வேண்டாம்

(திரையில்: எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகம் ஒன்றில் ஒரு கணினி)

வணக்கம். பெங்களூருவில் வேலை பார்க்கும் ஒருவரின் டெஸ்க்டாப் இது. ஒரே விலைப்பட்டியல் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் புதுசு' என்று மூன்று பெயர்களில் கிடக்கிறது. வாடிக்கையாளருக்குப் போனது எது? அவர் பொங்கலுக்கு சேலம் போயிருந்தால், டீம் முழுக்க அவருக்குத்தான் போன் அடிக்கும்.

நிர்வாகம் சுற்றறிக்கை அனுப்பும், வகுப்பு வைக்கும். எல்லோரும் 'படித்துவிட்டேன்' என்று டிக் அடித்துவிட்டுப் பழையபடியே சேமிப்பார்கள். அவர்களைக் குறை சொல்லாதீர்கள். சரியான ஃபோல்டருக்குப் போக ஆறு கிளிக், டெஸ்க்டாப்புக்கு ஒரே கிளிக் என்றால் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

இதற்கு நல்ல வழி 'நட்ஜ்'. 2017-இல் பொருளியல் நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலர் பரவலாக்கிய கருத்து. யாரையும் கட்டாயப்படுத்தாமல், சரியான வழியையே சுலபமான வழியாக அமைத்துவைப்பது.

இதில் வலுவானது டிஃபால்ட், அதாவது நாம் எதையும் மாற்றாவிட்டால் தானாகவே அமையும் தேர்வு. அமெரிக்க நிறுவனம் ஒன்று புது ஊழியர்களை ஓய்வூதியச் சேமிப்பில் தானாகவே சேர்த்து, வேண்டாதவர்கள் விலகலாம் என்று மாற்றியது. சேர்ந்தவர்கள் வெகுவாகக் கூடியதை 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் அலுவலகத்திலும் அதையே செய்யலாம். சேவ் அழுத்தினால் ப்ராஜெக்ட் ஃபோல்டரே முதலில் திறக்கட்டும். தேதியும் வாடிக்கையாளர் பெயரும் ஃபைல் பெயரில் தானாக வரட்டும். பகிரும் லிங்க் 'டீமுக்கு மட்டும்' என்றே தொடங்கட்டும்.

(திரையில்: ஜிமெயில்)

அப்புறம், சரியான நேரத்தில் நினைவூட்டுவது. மெயிலில் 'இணைத்துள்ளேன்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு ஃபைலை மறந்து அனுப்பப் போனால், ஃபைலை இணைக்கவில்லையே என்று ஜிமெயில் அந்த நொடியே கேட்கும். ஆறு மாதத்துக்கு முந்தைய பயிற்சியால் இது முடியுமா? ஆனால் எல்லாவற்றுக்கும் பாப்-அப் வைத்தால், நாலு நாளில் யாரும் படிக்காமலே ஓகே தட்டுவார்கள். உண்மையிலேயே ஆபத்தான ஓரிரு இடங்களுக்கு மட்டும் வையுங்கள்.

ஊழியர்களுக்குத் தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள். ஏன் மாற்றினோம், வேண்டாமென்றால் எப்படி மாற்றிக்கொள்வது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். விலகும் வழியை ஒளித்துவைத்தால் அதற்குப் பெயர் ஏமாற்று.

சரி, ஆதார் நகல், சம்பள விவரம்? அங்கே நட்ஜ் போதாது. தனிநபர் தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. அந்த ஃபோல்டரை, அனுமதி இல்லாதவர் திறக்கவே முடியாதபடி பூட்டிவிடுங்கள்.