ஒரு கதிர், பல தகப்பன்கள்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் ஸ்வீட் கார்ன் போட்டவர்களில் சிலருக்காவது இது நடந்திருக்கும். மஞ்சள் கதிர்தானே என்று மட்டையை உரித்தால், நடுவில் நாலைந்து முத்து மட்டும் மை தொட்டு வைத்தாற்போல் கருநீலமாக நிற்கும். எனக்கு முதல் தடவை அப்படி வந்தபோது, அழுகல் என்று நினைத்துக் குப்பையில் போடப் போனேன். மனசு கேட்காமல் நகத்தால் கீறினேன். நீலம் மேலோடு நின்றுவிட்டது. உள்ளேயிருந்து பால்தான் வந்தது. சரி, வாயில் போட்டேன். மாவு மாதிரி இருந்தது, இனிப்பு பேருக்குக்கூட இல்லை. ஒட்டியிருந்த மஞ்சள் முத்தோ, தேன்!

விதை விற்றவரைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அவர்மேல் தப்பே இல்லை.

கதிர் நுனியில் தொங்குமே பட்டுநூல், நாம் பிய்த்து எறிவோமே, அதில் ஒவ்வொரு இழையும் ஒரு முத்துக்குப் போகிற வழி. காற்று எந்தச் செடியின் மகரந்தத்தை அந்த இழையில் கொண்டுவந்து போடுகிறதோ, அந்தச் செடிதான் அந்த முத்துக்குத் தகப்பன். பக்கத்தில் யாரோ நீல மக்காச்சோளம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். மறுபடியும் சொல்கிறேன்: தாய் ஒன்று, பிள்ளைகள் சில நூறு, தகப்பன் மட்டும் வேறு வேறு.

மாம்பழத்தில் இந்தக் கூத்து கிடையாது. அங்கே நாம் தின்பது தாய்மரத்தின் சதை. சோளத்தில் பிள்ளையையே தின்கிறோம்; அதனால்தான் அப்பன் சாயல் அந்த வருஷமே தெரிந்துவிடுகிறது. நீலம் வர, தாய் தகப்பன் இருவரில் ஒரு பக்கம் கொடுத்தால் போதும். இனிப்புக்கு இரண்டு பக்கமும் கொடுக்க வேண்டும். என் நீல முத்து ஏன் மாவாகப் போயிற்று என்பது இப்போது புரிகிறதா?

சில முத்தில் புள்ளியும் கோடுமாகத் தெறித்திருக்கும். அதைப் பார்த்தால் எனக்கு பார்பரா மெக்லின்டாக் ஞாபகம்தான். இந்தப் புள்ளிகளை வைத்தே, மரபணுத் துண்டுகள் இடம்விட்டு இடம் தாவும் என்று சொன்ன அம்மையார். பலர் நம்பவில்லை. 1983இல் நோபல் வந்தபோது அவருக்கு வயது 81. சோளக் கதிரைப் பார்த்துக்கொண்டே ஒரு ஆயுள்! இதைப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன்...

கைகாட்டுகிறார்கள். கலப்பு வேண்டாமென்றால், இரண்டு ரகமும் ஒரே சமயத்தில் பூக்காதபடி இரண்டு வாரமாவது தள்ளி விதையுங்கள். நீல முத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம். இளஞ்சிவப்பாகப் பஞ்சு பூத்திருந்தால் அது பூஞ்சணம். அந்தக் கதிரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். வணக்கம்.