ஒரே ஜோக்குக்கு இரண்டு சிரிப்பு: டர்பனில் தமிழ்ப் படம் பார்ப்பது

[இருட்டுத் திரை. தியேட்டரில் ஒரு சிரிப்புச் சத்தம். ஒரு நொடி இடைவெளி. மறுபடியும் சிரிப்பு.]

வணக்கம். இப்போது இரண்டு முறை சிரிப்புச் சத்தம் கேட்டதே, கவனித்தீர்களா? ஜோக் ஒன்றுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் தமிழ்ப் படம் பார்க்கப் போனால் இப்படித்தான். நடிகர் வசனத்தை முடிப்பதற்குள் பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். அவர்கள் திரைக்குக் கீழே வரும் ஆங்கில எழுத்தைப் படிக்கிறவர்கள். வசனம் முடிந்ததும் மெலிதாக இன்னொரு சிரிப்பு வரும். அது காதால் கேட்கிறவர்களுடையது. நான் அந்த இரண்டாவது கூட்டம். வருஷத்துக்கு வருஷம் எங்கள் சத்தம் குறைந்துகொண்டே வருகிறது.

[சாட்ஸ்வொர்த் தெரு, மாலை நேரம். பிறகு ஒரு வீட்டின் ஹால், சோபா.]

நான் ராணிப்பேட்டைக்காரி. கல்யாணமாகி டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டு சோபாவில் சனிக்கிழமை ராத்திரி மூன்று பேர் உட்காருவோம். நடுவில் நான். ஒரு பக்கம் என் கணவரின் பாட்டி, ஆயா என்று கூப்பிடுவோம், வயது 84. 1860-இல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் இங்கே வந்ததே, அந்தக் காலத்திலிருந்து கரும்புத் தோட்டம் வழியாக இறங்கி வந்த தமிழ் அவர் பேசுவது. சில சொற்களை என் கொள்ளுப்பாட்டி வாயில் கேட்டதோடு சரி, இங்கே வந்துதான் மறுபடி கேட்டேன். இன்னொரு பக்கம் நாத்தனார் மகன், வயது 17. 'மாமி' என்று என்னைக் கூப்பிடுவதோடு அவனுடைய தமிழ் முடிந்துவிடும். அவனுக்கு எல்லாமே சப்டைட்டில்தான்.

இன்று நாங்கள் சமீபத்தில் பார்த்த சில படங்களைப் பற்றிப் பேசப்போகிறேன். எது நல்ல படம் என்று மதிப்பெண் போட மாட்டேன். அந்தக் கீழ்வரி எதைக் கடத்துகிறது, எதை வழியிலேயே கொட்டிவிடுகிறது என்பதை இந்த சோபாவில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

[திரையின் கீழே இரண்டு வரி எழுத்து தோன்றி மறைகிறது. பக்கத்தில் ஒரு கடிகாரம்.]

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நெட்ஃபிளிக்ஸ் மாதிரி தளங்களில் ஆங்கில சப்டைட்டிலுக்கு ஒரு வரியில் 42 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. அதிகபட்சம் இரண்டு வரி. 7 நொடிக்கு மேல் திரையில் நிற்கக்கூடாது. நம் ஆட்கள் பேசும் வேகம் உங்களுக்கே தெரியும். மூச்சு விடாமல் பேசும் ஒரு மதுரைக்காரரை அந்தப் பெட்டிக்குள் அடைக்க வேண்டும். அப்போது முதலில் வெளியே விழுவது முறைப் பெயர். அடுத்தது வட்டார வழக்கு. கடைசியில் விஷயம் மட்டும் மிஞ்சும். ஜோக்கு முன்னாலேயே எழுத்தாக வந்துவிடுவதால் படிக்கிறவர் நம்மை முந்திவிடுகிறார்.

சரி, படத்துக்கு வருவோம்.

[தலைப்பு: டூரிஸ்ட் ஃபேமிலி, 2025]

சசிகுமாரும் சிம்ரனும் நடித்தது, அபிஷன் ஜீவிந்தின் முதல் படம். இலங்கையிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்து இறங்கும் ஒரு குடும்பம், யாருக்கும் தெரியாமல் சென்னையில் ஒரு காலனியில் குடியேறுகிறது. அக்கம்பக்கத்தில் யாரோடும் பேசாதே என்பதுதான் அவர்களுக்குப் போடப்படும் முதல் கட்டளை. வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும்.

படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஆயா, "இவங்க பேச்சு வேற மாதிரி இருக்குதே" என்றார். அவ்வளவுதான், அவருக்குக் கதை புரிந்துவிட்டது. நாத்தனார் மகனோ அரை மணி நேரம் கழித்து என்னைக் கேட்டான்: "மாமி, இவர்கள் பேசுவதற்கு எதற்கு இவ்வளவு பயப்படுகிறார்கள்?" அவன் மேல் தப்பில்லை. அவன் படித்த எழுத்தில் சென்னைக்காரரும் ஈழத்துக்காரரும் ஒரே ஆங்கிலம்தான் பேசினார்கள். கதையின் பயம் முழுக்க உச்சரிப்பில் இருக்கிறது. அதை எந்த எழுத்தில் போட்டுக் காட்டுவது?

படம் எனக்குப் பிடித்தது. ஆனால் சர்க்கரை ஒரு கரண்டி கூடிவிட்டது. அந்தத் தெருவில் மனசு மாறாத ஆளே இல்லை. நான் குடியிருந்த எந்தத் தெருவிலும் இப்படி நடந்ததில்லை. இருந்தாலும் அந்தச் சாவு வீட்டுக் காட்சியில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன் என்பதையும் மறைக்கப்போவதில்லை.

[தலைப்பு: லப்பர் பந்து, 2024]

தமிழரசன் பச்சமுத்து இயக்கம். கிராமத்து மைதானம், ரப்பர் பந்து, பெயிண்டர் வேலை செய்யும் 'கெத்து' என்கிற நடுத்தர வயது பேட்ஸ்மேன், அவரை அவுட்டாக்கத் துடிக்கும் ஓர் இளைஞன். போதாததற்கு அந்த இளைஞன் காதலிப்பது கெத்துவின் மகளை. கெத்துவாக நடிக்கும் அட்டகத்தி தினேஷ் நடந்து வரும்போது விஜயகாந்த் பாட்டு ஒலிக்கும். அதற்கு இங்கே யாரும் கைதட்டவில்லை. 1980-களின் விஜயகாந்த் யார் என்று தெரிந்தால்தானே தட்டுவதற்கு? நான் மட்டும் தனியாக விசிலடித்தேன்.

ஆனால் கிரிக்கெட் வந்ததும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். இது முத்துசாமியின் ஊர் அல்லவா. டர்பனில் பிறந்த தென்னாப்பிரிக்க அணி வீரர் செனுரன் முத்துசாமி, 2019-இல் தன் முதல் டெஸ்டில் விராட் கோலியைத் தன் முதல் விக்கெட்டாக எடுத்தவர். 2025 நவம்பரில் குவாஹாத்தியில் இந்தியாவுக்கு எதிராகச் சதமும் அடித்தார். அன்று எங்கள் வீட்டில் யார் பக்கம் கத்துவது என்று எனக்கு ஒரே குழப்பம்.

நல்ல பந்துவீச்சாளனைச் சாதி பார்த்து அணிக்கு வெளியே நிறுத்தும் இடம் ஒன்று படத்தில் வரும். அதற்கு மட்டும் பையனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நிறம் பார்த்து அணி பிரித்த நாடு இது. அந்தக் கதை அவன் பாடப் புத்தகத்தில் இருக்கிறது, அவன் தாத்தா வாயிலும் இருக்கிறது. சப்டைட்டில் எதுவும் கொட்டாமல் கொண்டுவந்து சேர்த்த காட்சி அதுதான்.

[வேகமாக மாறும் படங்கள்.]

'மகாராஜா'வைப் பற்றிச் சுருக்கமாக. படம் பார்க்காதவர்கள் அரை நிமிஷம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். முடி வெட்டும் கடைக்காரர் ஒருவர் போலீஸிடம் போய் 'லட்சுமி'யைக் காணோம் என்கிறார். லட்சுமி என்பது ஒரு குப்பைத் தொட்டி. விஜய் சேதுபதியின் 50-ஆவது படம், நித்திலன் சாமிநாதன் இயக்கம். காலத்தை முன்னும் பின்னும் கலைத்துப் போட்ட விதம் கெட்டிக்காரத்தனம். எங்களில் பையன்தான் முடிச்சை முதலில் அவிழ்த்தான், எந்நேரமும் சீரிஸ் பார்த்துப் பார்த்து அவனுக்கு அந்தப் பழக்கம். ஆனால் ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமையை ரகசியமாக ஒளித்து வைத்து, கடைசியில் சீட்டுக்கட்டு வித்தை மாதிரி எடுத்துக் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. மறுபடி பார்க்க மாட்டேன்.

மலையாள 'பிரமயுகம்', பேய்ப் படம். முழுக்கக் கறுப்பு வெள்ளை. மம்முட்டி ஒரு பாழடைந்த மனையில் உட்கார்ந்து பகடை உருட்டுகிறார், நமக்குக் குளிர் எடுக்கிறது. எங்கள் மூவருக்குமே மலையாளம் தெரியாது. அதனால் அன்று ஒரு ராத்திரி மட்டும் எல்லோரும் சமம்.

'மை ஆக்டோபஸ் டீச்சர்', கேப் டவுன் பக்கத்துக் கடல்பாசிக் காட்டில் எடுத்த ஆவணப்படம், 2021-இல் ஆஸ்கர் வாங்கியது. கடலுக்கடியில் ஒரு மனிதருக்கும் ஆக்டோபஸுக்கும் சிநேகம். அழகாக இருந்தது. ஆயா கடைசிவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இத கொழம்பு வெப்பாங்களா?" என்று கேட்டார்.

[தலைப்பு: கொட்டுக்காளி, 2024]

பி. எஸ். வினோத்ராஜ் எடுத்த படம், பெர்லின் விழாவுக்குப் போனது. பின்னணி இசை கிடையாது. வேறு சாதிப் பையனை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, ஒரு குடும்பமே ஆட்டோவிலும் பைக்கிலும் ஏறிச் சாமியாரைப் பார்க்கப் போகிறது. கூடவே ஒரு சேவல். அந்தப் பெண்ணாக அன்னா பென் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. சூரி தொண்டை கட்டிய குரலில் உறுமிக்கொண்டே வருகிறார்.

பையன் பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. படிக்க எழுத்து அதிகம் இல்லாததால் அவன் கண் முதல்முறையாக முகங்களுக்குப் போயிற்று. மற்ற படங்களில் அவன் பாதி நேரம் திரையின் அடிப்பகுதியைத்தான் பார்த்திருக்கிறான் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. சூரி அடிக்கும் காட்சியில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஆயாவுக்குத்தான் கோபம். முடிவைப் பார்வையாளர் கையில் விட்டுவிட்டுப் படம் நின்றதும், கரண்ட் போய்விட்டது என்று நினைத்து ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டைப் பார்த்தார்.

[தலைப்பு: மெய்யழகன், 2024. பின்னால் மெல்லிய ரயில் சத்தம்.]

இந்தப் படத்துக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

சி. பிரேம்குமார் இயக்கம். 1996-இல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன குடும்பம். 22 வருஷம் கழித்து அந்த வீட்டுப் பையன், இப்போது அரவிந்த்சாமி, ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே ஒருவன், கார்த்தி, 'அத்தான், அத்தான்' என்று விடாமல் ஒட்டிக்கொள்கிறான். இவன் யார், பெயர் என்ன என்று அரவிந்த்சாமிக்கு நினைவே இல்லை, கேட்கவும் கூச்சம். இரவு முழுக்க இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பதுதான் படம். நீளம் என்று புகார் வந்ததால் வெளியான சில நாளிலேயே சுமார் 18 நிமிஷம் வெட்டினார்கள். என்னைக் கேட்டால் வெட்டியிருக்க வேண்டாம். பேச்சு நீளாமல் உறவு எங்கே வரும்?

'அத்தான்' என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் கிடையாது. பையன் படத்தை நிறுத்திவிட்டு, அப்படியென்றால் யார் என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் ஆயா ஆரம்பித்துவிட்டார். நம் வீட்டில் யாருக்கு யார் அத்தான், இங்கே பக்கத்தில் பீனிக்ஸில் இருக்கிறவன், டோங்காட்டில் இருக்கிறவன் என்று விரல் விட்டு எண்ணி, பாதி தமிழ் பாதி இங்கிலீஷில் இருபது நிமிஷம். அவன் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். படம் திரையில் அப்படியே உறைந்து நின்றது, கார்த்தி வாய் திறந்தபடி.

எங்கள் வீட்டில் ஒரு தாள் இருக்கிறது. கணவரின் முப்பாட்டனார் கப்பலேறியபோது எழுதிய பதிவின் நகல். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம். கிராமத்தின் பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் கிறுக்கியிருக்கிறார். வடாற்காடு என்பது மட்டும் தெளிவு. என் ஊர்ப் பக்கம்தான் என்பதால் நான் அதை எட்டு விதமாக வாசித்துப் பார்த்துவிட்டேன். எந்த ஊரோடும் பொருந்தவில்லை. பொருந்தினாலும், பஸ்ஸை விட்டு இறங்கியதும் 'அத்தான்' என்று ஓடி வர அங்கே யார் இருக்கப்போகிறார்கள்? அந்தப் படத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது கார்த்தி பேசிய எந்த வசனத்துக்கும் இல்லை. பெயர் தெரியாத ஒருவனுக்கு நம் பெயர் தெரிந்திருக்கிறதே, அந்த ஒரு விஷயத்துக்காக.

ஆயா அன்று படம் முடிந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "கேட்டோ மேனர்ல எங்க வூட்டுப் பின்னாடி ரெண்டு மாமரம். அத எவன் வெட்டியிருப்பான்?"

1950-இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து இந்தியக் குடும்பங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். அவர்களுக்காக 1960-களில் கட்டிய ஊர்தான் சாட்ஸ்வொர்த். 11 வருஷத்தில் ஆயா அந்த வீட்டைப் பற்றி என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. பீன்ஸை நறுக்கி முடித்துவிட்டு, அந்தப் படத்தை அடுத்த வாரமும் போடச் சொன்னார்.

[தலைப்பு: கீப்பிங் அப் வித் த கந்தசாமீஸ், 2017]

கடைசியாக, பையன் முறை. "உங்கள் படமாகவே பார்க்கிறோம், இந்த வாரம் என் படம்" என்று அவன் போட்டது இது. ஜெயன் மூட்லி என்கிற பெண் இயக்குநர் எடுத்தது. சாட்ஸ்வொர்த்தில் நடக்கும் கதை. அடுத்தடுத்த வீட்டில் கந்தசாமி குடும்பமும் நாயுடு குடும்பமும். அம்மாக்கள் இருவரும் பரம எதிரிகள், பிள்ளைகள் இருவரும் காதலர்கள். கதை என்று பார்த்தால் நம் ஊரில் நூறு தடவை அரைத்த மாவு. ஆனால் அந்த இரண்டு அம்மாக்களும் சண்டை போடும் அழகுக்காகவே பார்க்கலாம். நன்றாக ஓடி, இதுவரை மூன்று தொடர்ச்சிகளும் வந்துவிட்டன.

பெயரெல்லாம் தமிழ், பேச்சு ஆங்கிலம். ஆனால் இது நான் ராணிப்பேட்டையில் படித்த ஆங்கிலம் இல்லை. டர்பன் இந்தியர்கள் வீட்டுக்குள் பேசும் ஆங்கிலம். வாக்கியத்தின் வால் வேறு பக்கம் திரும்பி நிற்கும். 'லானி' மாதிரிச் சொற்கள் வரும். பணக்காரத் தோரணைக்கு இங்கே அப்படித்தான் பெயர், அதைக் கற்றுக்கொள்ளவே எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அன்று பையன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அவனுக்கும் முன்னால் ஆயா சிரிக்கிறார். நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.

பையனுக்குப் பாவமாகப் போய்விட்டது. ஒவ்வொரு ஜோக்குக்கும் படத்தை நிறுத்தி எனக்கு விளக்க ஆரம்பித்தான். ஐந்தாவது தடவை ரிமோட்டை எடுத்தபோது ஆயா அவன் கையைத் தட்டிவிட்டார்.

"ஓட வுடுடா. அவ அப்புறமா சிரிப்பா."

[திரை இருட்டாகிறது. ஒரு சிரிப்பு. இடைவெளி. இன்னொரு சிரிப்பு.]