பிடிக்காதவனுக்கும் ஒரு வாசல்

தோழர்களே, நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வட இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் கம்பளி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். அந்த ஆலைகளில் வேலை பார்க்கப் பாகிஸ்தானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போய்க் குடியேறிய குடும்பங்கள் அங்கே ஏராளம். 2003 டிசம்பரில் ஆர்தர் ரெட்ஃபெர்ன் என்ற வெள்ளைக்காரர் அங்கே ஒரு நிறுவனத்தில் ஓட்டுநர் வேலைக்குச் சேர்ந்தார். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளையும் பெரியவர்களையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விடுகிற வேலை. அவர் வண்டியில் ஏறியவர்களில் பெரும்பாலோர் ஆசிய வம்சாவளியினர். அவர் வேலையைப் பற்றி ஒரு புகார்கூடக் கிடையாது. அவருடைய மேலதிகாரியும் ஆசிய வம்சாவளியைச் சேர்ந்தவர்தான். அந்த மேலதிகாரியே இவரை முதல்தர ஊழியர் விருதுக்குப் பரிந்துரை செய்தார்.

அடுத்த ஆண்டு மே மாதம் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. ரெட்ஃபெர்ன் நகராட்சித் தேர்தலில் நிற்கிறார், அதுவும் பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டியின் வேட்பாளராக. அன்றைக்கு வெள்ளையர்களை மட்டுமே உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட கட்சி அது. ஜூன் மாதம் அவர் ஜெயித்துக் கவுன்சிலர் ஆனார். தொழிற்சங்கங்களிலிருந்தும் சக ஊழியர்களிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது. 2004 ஜூன் 30 அன்று அவரை வேலையிலிருந்து தூக்கினார்கள். அப்போது அவருக்கு வயது 56.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்சியின் கொள்கையை நான் முழு மனதோடு வெறுக்கிறேன். நான் அந்த ஊரில் இருந்திருந்தால், என்னையும் என் பிள்ளைகளையும் மூட்டை கட்டச் சொல்லியிருக்கும் கட்சி அது. அப்படியிருந்தும், நம்பிக்கைக்காக வேலை இழந்தவர்களைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டால், நான் முதலில் எடுத்து வைப்பது இந்த மனிதரின் வழக்கைத்தான். நமக்குப் பிடித்தவருக்காகப் பேசுவது எளிது. இவருக்காகப் பேச வாய் வருகிறதா என்று பார்த்தால்தான், நாம் உரிமையைப் பற்றிப் பேசுகிறோமா, நம் கட்சியைப் பற்றிப் பேசுகிறோமா என்று தெரியும்.

அவர் எங்கே போய் நியாயம் கேட்டார்? அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி, அநியாயமாக வேலை நீக்கம் செய்தார்கள் என்று வழக்குப் போட ஓராண்டு சர்வீஸ் வேண்டும். இவருக்கு ஏழு மாதம்கூட ஆகவில்லை. கர்ப்பம், இனம், மதம் போன்ற காரணங்களால் நீக்கப்பட்டால் அந்த ஓராண்டுக் கணக்கு கிடையாது. அரசியல் கருத்துக்காக நீக்கினால் விலக்கு இல்லை. வேறு வழியில்லாமல் இனப் பாகுபாட்டுச் சட்டத்தின் கீழ் போனார். வெள்ளையருக்கு மட்டுமே இடம் கொடுக்கிற கட்சிக்காரர், இனத்தின் பெயரால் எனக்குப் பாகுபாடு காட்டினார்கள் என்று கோர்ட்டில் நிற்க வேண்டிய நிலை. தொழில் தீர்ப்பாயத்தில் தோற்றார், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் ஜெயித்தார், 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மறுபடி தோற்றார். கடைசியில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 2012 நவம்பர் 6 அன்று தீர்ப்பு வந்தது. ஏழு நீதிபதிகளில் நான்கு பேர் அவர் பக்கம், மூன்று பேர் எதிர்ப்பக்கம்.

அந்த நான்கு பேர் என்ன சொன்னார்கள் என்பதைக் கவனமாகக் கேளுங்கள். அவரை நீக்கியது தவறு என்று அவர்கள் சொல்லவில்லை. அவர் கொள்கைக்கு எந்த நற்சான்றும் கொடுக்கவில்லை. ஒரு மனிதனை அவன் கட்சிக்காக வேலையை விட்டு அனுப்பினால், அது சரியா தவறா என்று ஒரு நீதிபதி எடைபோட்டுப் பார்க்க வழி இருக்க வேண்டும், பிரிட்டிஷ் சட்டத்தில் அந்த வழி இல்லை, அது சங்கம் சேரும் உரிமைக்கு விரோதம் என்றார்கள். அவ்வளவுதான். உள்ளே போனபின் அவர் தோற்கலாம். உள்ளே போகவே விடமாட்டேன் என்பதுதான் கூடாது. 2013இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அரசியல் கருத்துக்காக வேலை நீக்கம் என்றால், சர்வீஸ் கணக்குப் பார்க்காமல் வழக்குப் போடலாம் என்றாயிற்று.

எடைபோடுவது என்று சொன்னேனே, அந்தத் தராசின் இன்னொரு தட்டில் இருப்பவர்களை மறந்துவிட்டு நான் பேசவில்லை. சக்கர நாற்காலியில் பெல்ட் போட்டு உட்கார வைக்கப்பட்ட ஒரு பாகிஸ்தானியப் பெண்மணியை நினைத்துப் பாருங்கள். ஓட்டுகிறவர் தன்னை இந்த நாட்டிலிருந்தே அனுப்ப நினைக்கிற கட்சிக்காரர் என்று பேப்பரில் படித்திருக்கிறார். தானாக எழுந்து இறங்கக்கூட முடியாத வண்டியில் போகிறார். அந்தப் பயம் உண்மையானது. நிறுவனம் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது. ஆனால் அந்த மனிதருக்குப் பயணிகளோடு பழகாத வேறு வேலை கொடுக்க முடியுமா என்று யாரும் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றமும் அதைக் குறிப்பிட்டது. முன் வாசல் பூட்டியிருந்ததால், அந்தக் கேள்வியை ஒரு நீதிபதி முன்னால் வைக்கவே அவருக்கு இடமில்லாமல் போயிற்று.

அதே நாட்டில் டிம் நிக்கல்சன் என்று ஒருவர். ஒரு வீட்டுமனை நிறுவனத்தில் சுற்றுச்சூழல் கொள்கைகளைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தார். தலைமை அதிகாரி லண்டனில் மறந்து வைத்துவிட்டுப் போன பிளாக்பெரி போனைக் கொடுப்பதற்காக, ஓர் ஊழியரை விமானத்தில் அயர்லாந்துக்கு அனுப்பினார்கள் என்று தன் வழக்கில் அவர் சொன்னார். 2008இல் ஆட்குறைப்பு என்று அவரை வெளியேற்றினார்கள். பருவநிலை மாற்றம் பற்றிய தன் நம்பிக்கைதான் காரணம் என்றார் அவர். கடவுள் பெயர் இல்லாத நம்பிக்கைக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு, ஆனால் அது மனப்பூர்வமானதாக, வாழ்க்கையின் முக்கியமான ஒரு பகுதியைப் பற்றியதாக, மனித கண்ணியத்துக்கு மாறுபடாததாக இருக்க வேண்டும் என்று 2009இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. பிறகு அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது.

நம் நாட்டுக்கு வருகிறேன். மத்தியப் பிரதேசத்தில் ராமசங்கர் ரகுவன்ஷி ஒரு நகராட்சிப் பள்ளி ஆசிரியர். பள்ளியை அரசு எடுத்துக்கொண்டபின், 1972இல் இவரும் அரசு ஆசிரியரானார். முன்வரலாறு சரிபார்க்கப்படும் என்ற நிபந்தனையோடு. 1974 அக்டோபர் 31 அன்று ராய்கர் மாவட்டப் போலீஸ் கண்காணிப்பாளர் ஓர் அறிக்கை அனுப்புகிறார்: இவர் ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்க (இன்றைய பா.ஜ.க.வின் முன்னோடிக் கட்சி) நடவடிக்கைகளில் பங்கெடுத்தவர், அரசுப் பணிக்கு லாயக்கில்லை. நவம்பர் 5 அன்று வேலை போய்விட்டது. ஐந்தே நாள். உத்தரவில் ஒரு பழிச்சொல்லும் கிடையாது. பணி முடிக்கப்படுகிறது என்று மட்டும் சுத்தமாக எழுதியிருந்தது.

அரசு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1983இல் அரசின் மனுவைத் தள்ளுபடி செய்து தீர்ப்பு எழுதியவர் நீதிபதி சின்னப்ப ரெட்டி. இடதுசாரிச் சிந்தனை கொண்டவர் என்று பெயர் பெற்றவர். அவர் ஆர்.எஸ்.எஸ். நடவடிக்கைகளில் பங்கெடுத்தவர் என்று சொல்லப்பட்ட ஓர் ஆசிரியருக்காக எழுதினார். இந்தியா போலீஸ் ராஜ்யம் அல்ல, ஜனநாயகக் குடியரசு என்று எழுதினார். உத்தரவின் வெளிப்பூச்சைப் பார்க்காமல் அதற்கு அடியில் இருந்த போலீஸ் அறிக்கையைப் பார்த்தார். தொழிலாளர் வழக்கு நடத்துகிற எங்களுக்கு இன்றைக்கும் சோறு போடுகிற பாடம் இது. காகிதத்தில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று நின்றுவிடக் கூடாது, அதற்கு முந்தின வாரம் என்ன நடந்தது என்று தோண்ட வேண்டும்.

ஆனால் ரகுவன்ஷி அரசு ஊழியர். அரசியலமைப்புச் சட்டம் அவர் பின்னால் நின்றது. தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்கு அது நேராக வந்து நிற்காது. அங்கே இருப்பது நிலையாணை என்கிற வேலை விதிகள், குற்றச்சாட்டுக் குறிப்பாணை, உள் விசாரணை, தொழிலாளர் நீதிமன்றம். இதைத் தெரிந்து வைத்திருப்பதால்தான் நிர்வாகம் இப்போதெல்லாம் டிஸ்மிஸ் செய்வதே இல்லை. ராஜினாமா வாங்குகிறார்கள். ராஜினாமா கொடுத்தவனுக்கு எந்த நீதிபதி முன்னால் நிற்க முடியும்? நீயாகத்தானே போனாய் என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? பிராட்ஃபோர்டில் சட்டம் பூட்டிய வாசலை இங்கே தொழிலாளியின் கையாலேயே பூட்ட வைக்கிறார்கள்.

என்னிடம் வந்த ஒரு தம்பி, மெஷின் ஆப்ரேட்டர். லீவு நாளில் தன் கிராமத்தில் ஒரு தர்ணாவில் உட்கார்ந்திருந்த போட்டோ வாட்ஸப்பில் சுற்றி மேனேஜர் கைக்குப் போய்விட்டது. மறுநாள் ஹெச்.ஆர். அறையில் கதவைச் சாத்தி உட்கார வைத்தார்கள். கடிதம் ரெடியாக டைப் அடித்திருந்தது. சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று இரண்டு வரி. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. போட்டால் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரும் ஒரு மாதச் சம்பளமும், போடாவிட்டால் வேறு எங்கேயும் வேலை கிடைக்காது என்று மூன்று பேர் மாறி மாறிச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டரை மணி நேரம். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளை நாலாக மடித்து டிபன் பாக்ஸ் பையில் வைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்று ராத்திரியே, நான் ராஜினாமா செய்யவில்லை, நாளைக்கு வேலைக்கு வருகிறேன் என்று கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். காலையில் கேட்டில் உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று மறுபடி ஒரு மின்னஞ்சல் அனுப்பினார், நேரத்தைக் குறிப்பிட்டு.

வருகிற வியாழக்கிழமை தொழிலாளர் அலுவலர் முன்னால் சமரசப் பேச்சு. பென்சில் குறி அழியாமல் அந்தத் தாள் என் கோப்பில் இருக்கிறது. எண்ணெய்க் கறை கொஞ்சம் பட்டிருக்கிறது. கையெழுத்து இல்லை.