பட்டத்தின் அளவும் பலகையின் எண்ணிக்கையும்

(மட்டக்களப்பில் பாடசாலை மாணவிகளுக்கான சதுரங்கப் போட்டியொன்றின் பரிசளிப்பு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மாரே, தகப்பன்மாரே, ஆசிரியர்களே, காலையிலிருந்து பலகைக்கு முன்னால் குந்தியிருந்து களைத்துப் போயிருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்கு முன் பேசிய ஐயா ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு இறங்கினார். ஓட்டப் போட்டியில் பெண்களுக்குத் தனிப் பிரிவு வைப்பது விளங்குகிறது, மூளையால் ஆடுகிற செஸ்ஸில் பெண்களுக்கு எதற்கு வேறு பட்டம், அதுவும் குறைந்த அளவில் என்று கேட்டார். சபையில் பல தலைகள் ஆடின. ஆகவே எழுதிக்கொண்டு வந்த தாளை மடித்து வைத்துவிட்டு அதற்கே பதில் சொல்கிறேன்.

முதலில் அளவுகளைத் தெரிந்துகொள்வோம். உலக சதுரங்க சம்மேளனமான ஃபிடேயின் கணக்கில் கிராண்ட்மாஸ்டர் ஆவதற்கு 2500 ரேட்டிங், அதாவது ஆட்ட முடிவுகளை வைத்துக் கணக்கிடும் தரப் புள்ளி, வேண்டும். மகளிர் கிராண்ட்மாஸ்டருக்கு 2300 போதும். இன்டர்நேஷனல் மாஸ்டருக்கு 2400, மகளிருக்கு 2200. கீழ்ப் படிகளிலும் அதே 200 புள்ளி வித்தியாசம்தான். ஆகவே 2300 எடுத்த பையன் வெறும் ஃபிடே மாஸ்டர், அதே 2300 எடுத்த பெண்பிள்ளை, நோர்ம் என்று சொல்லும் தகுதிகளையும் பெரிய போட்டிகளில் எடுத்திருந்தால், மகளிர் கிராண்ட்மாஸ்டர். ஐயாவுக்கு உறுத்துவது இதுதான். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. கிராண்ட்மாஸ்டர் என்ற பட்டம் ஆண்களுடைய பட்டமல்ல. அது பொதுப் பட்டம். பெண்பிள்ளை 2500-உம் அதற்குரிய நோர்மும் எடுத்தால் அது அவளுக்கும் உரியது.

அதை முதலில் பெற்ற பெண் ஜோர்ஜியாவைச் சேர்ந்த நோனா கப்ரின்டாஷ்விலி. ஆண்டு 1978. ஃபிடே அந்தப் பட்டத்தைக் கொடுக்கத் தொடங்கி 28 வருடம் கழிந்த பிறகு! ஹங்கேரியின் யூடிட் போல்கார் மகளிருக்கு மட்டுமான போட்டிகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, 1991-ல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பிற்காலத்தில் உலகத் தரவரிசையில் எட்டாம் இடம் வரைக்கும் ஏறினார், ஆண் பெண் எல்லோரையும் சேர்த்த வரிசையில். ஐயாவின் பக்கத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

மறு பக்கத்துக்குச் சாட்சி எங்கள் தமிழ்ப் பிள்ளை. சென்னை வைஷாலி. 2018-ல் மகளிர் கிராண்ட்மாஸ்டர், 2021-ல் இன்டர்நேஷனல் மாஸ்டர், 2023-ல் கிராண்ட்மாஸ்டர். மகளிர் பட்டத்தோடு அவர் நின்றுவிடவில்லை, அதில் கால் வைத்து மேலே போனார். பிரக்ஞானந்தாவின் அக்கா என்றே பலர் அவரை அறிவார்கள். உண்மையில் அந்த வீட்டில் முதலில் செஸ் பழகியவர் அக்கா, அவரைப் பார்த்துத்தான் தம்பி பழகினார். பிள்ளைகள் ஆடப்போன தேசமெல்லாம் தாய் நாகலட்சுமி கூடப் போய், சோறாக்கிக் கொடுத்து, மண்டபத்தின் ஓரத்தில் காத்திருந்தார். அந்தப் பட்டங்களில் அந்தத் தாயின் பயணமும் இருக்கிறது.

ஆகவே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மகளிர் பட்டம் இருக்கட்டும். ஆனால் அதன் அளவைத் தளர்த்தக்கூடாது. பெண்களுக்கு உதவுகிறோம் என்று சொல்லிப் புள்ளியைக் கூட்டிக் கொடுப்பது உதவியே அல்ல. 1986-ல் ஃபிடே அப்படி ஒரு காரியம் செய்தது. பெண்கள் தங்களுக்குள்ளேயே ஆடுவதால் அவர்களுடைய ரேட்டிங் குறைவாக இருக்கிறது என்று காரணம் காட்டி, ஆடிக்கொண்டிருந்த எல்லாப் பெண்களுக்கும் 100 புள்ளி சேர்த்தது, சூசன் போல்காரைத் தவிர. அவர் யூடிட்டின் மூத்த அக்கா, அப்போது 17 வயது. ஆண்களோடு ஆடியே புள்ளி எடுத்தவர் என்பதால் அவருக்கு இல்லை என்றார்கள். அடுத்த பட்டியலில் மகளிர் வரிசையின் முதலிடம் அவர் கையை விட்டுப் போனது. கடினமான வழியில் போன பிள்ளைக்கு அந்தச் சலுகை தண்டனையாகவே விழுந்தது. எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வரும்.

அளவு இறுக்கமாக இருக்கட்டும் என்றால், பெண்கள் மேலே வருவது எப்படி? ஜெர்மனியின் ரேட்டிங் பட்டியலை வைத்து 2009-ல் ஓர் ஆய்வு வந்தது. அந்நாட்டில் ஒரு பெண் ஆடினால் பதினாறு ஆண்கள் ஆடினார்கள். உச்சியில் இருக்கும் நூறு ஆண்களுக்கும் நூறு பெண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தில் 96 வீதத்தை இந்த ஆள் தொகை ஒன்றே விளக்கிவிடும் என்று அது கணக்குக் காட்டியது. அந்தக் கணக்கோடு வாதாடியவர்களும் உண்டு. இருந்தாலும் பெருங்கூட்டத்தில் மிகத் திறமையானவர் அதிகம் தேறுவார் என்பது எந்தக் கணக்கு வாத்தியாரும் ஒப்புக்கொள்ளும் விஷயம். இத்தாலியில் 2008-ல் வெளியான இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. பெண்களை இணையத்தில் தங்களுக்குச் சமமான ஆண்களோடு ஆடவிட்டார்கள். எதிரில் இருப்பவர் ஆண் என்று தெரிந்தபோது அவர்களுடைய ஆட்டம் படுத்துவிட்டது. அதே ஆணைப் பெண் என்று சொல்லிவைத்தபோது சரிக்குச் சரியாக ஆடினார்கள். எதிரே இருந்த ஆள் மாறவில்லை, அவர்கள் மனதில் நாங்கள் போட்டுவைத்த பயம் மட்டும்தான் நடுவில் நின்றது.

ஜோர்ஜியாவில் அந்தப் பயத்தை இல்லாமல் ஆக்கினார்கள். நோனாவுக்குப் பிறகு அங்கே பெண்கள் செஸ் ஆடுவது வீட்டுப் பெருமையானது. 1992, 1994, 1996 என்று, நாடுகள் அணியாக மோதும் செஸ் ஒலிம்பியாட்டில் மூன்று முறை தொடர்ந்து அந்தச் சின்ன நாட்டின் பெண்கள் தங்கம் எடுத்தார்கள், 2008-ல் மறுபடியும் எடுத்தார்கள். மணப்பெண்ணுக்குச் சீதனத்தோடு சதுரங்கப் பலகையும் கொடுப்பது அவர்கள் வழக்கம் என்று சொல்வார்கள். மட்டக்களப்பாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாங்கள் மகளுக்கு வீட்டையே எழுதிக் கொடுக்கிற ஆக்கள். தாய்வழிக் குடி பார்க்கிற ஊர், தமிழரும் முஸ்லிம்களும் அப்படித்தான். வீட்டைப் பெண்ணின் பேரில் எழுத யோசிக்காத நாங்கள், அவள் ஞாயிற்றுக்கிழமை நாலு மணித்தியாலம் ஒரு பலகைக்கு முன்னால் இருக்க ஏன் இவ்வளவு யோசிக்கிறோம்?

தமிழ்ப் புராணத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. சோழநாட்டுத் திருப்பூவனூர்க் கோயிலில் இறைவன் பெயர் சதுரங்க வல்லபநாதர். ஆட்டத்தில் யாருக்கும் தோற்காத இளவரசியை வெல்ல சிவனே வேடம் மாற்றி வரவேண்டியிருந்தது என்கிறது அந்தத் தலபுராணம். அப்படியென்றால் அதுவரைக்கும் அவளிடம் தோற்றவர் எத்தனை பேர்!

இனி எங்கள் ஊர்க் கதை. போன முறை ஒரு போட்டியில், மண்டூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒன்று, வாவியைக் கடக்கும் படகுப் பாதை ஏறி குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்தவள், கடைசிச் சுற்று ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு குதிரை கூடுதலாக வைத்திருந்தாள். அடுத்த காயைக் கையில் எடுத்தவள் யன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே தாய் குடையை மடக்கிப் பிடித்தபடி மணிக்கூட்டைக் காட்டினார். பிள்ளை காயை வைத்துவிட்டு எதிரே இருந்த பையனிடம் சமநிலைக்குக் கை நீட்டினாள். அவன் ஒரு நொடியும் தாமதிக்காமல் கை கொடுத்தான். அரைப் புள்ளி போனது. அந்த அரைப் புள்ளியை எந்த ரேட்டிங் பட்டியலும் திருப்பித் தராது. பிழை அந்தத் தாயுடையதல்ல. இருட்டினால் பாதை ஏறி வீடு போய்ச் சேரவேண்டியவர் அவர். பின்னேரம் ஆறு மணிவரை சுற்று வைத்தவர்களுடைய பிழை அது.

மகளிர் கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு நோர்ம் எடுப்பதென்றால் என்ன என்று யோசியுங்கள். ஒரே போட்டியில் குறைந்தது 9 ஆட்டம், 2400 தரத்துக்கு ஆடவேண்டும். எதிராளிகளில் பாதிப் பேராவது பட்டம் பெற்றவர்களாக இருக்கவேண்டும், வெளிநாட்டவரும் வேண்டும். அது தொலைவில் இருக்கிறது, இருக்கட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு முதல் வாசல் ரேட்டிங் எடுப்பது. ரேட்டிங் உள்ளவர்களோடு 5 ஆட்டம் ஆடினால் அது தொடங்கும். 2024 மார்ச்சிலிருந்து 1400-க்குக் கீழ் ரேட்டிங்கே இல்லை. முன்பு அடிமட்டம் 1000. ஆகவே வாசற்படி கொஞ்சம் உயர்ந்திருக்கிறது. அந்த 5 ஆட்டத்துக்காக ஒரு பெண்பிள்ளையும் தகப்பனும் இரவுக் கோச்சியில் கொழும்புக்குப் போய், அறை எடுத்துத் தங்கி வரவேண்டுமென்றால், பத்துக் குடும்பத்தில் எத்தனை போகும்? ரேட்டிங் போட்டி இங்கே வரவேண்டும். மட்டக்களப்பில் ஒன்று, கல்முனையில் ஒன்று, திருக்கோவிலில் ஒன்று என்று மாறிமாறி நடத்தலாம். காலை எட்டுக்குத் தொடங்கி மூன்றரைக்குள் முடிக்கவேண்டும், தேவையென்றால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரிக்கலாம். நடுவர் மேசையில் ஒரு பெண்ணாவது இருக்கவேண்டும். பழைய மாணவிகளே, நடுவர் பயிற்சிக்கு நீங்கள் வாருங்கள். காத்தான்குடி உம்மாவும் களுவாஞ்சிக்குடி அம்மாவும் மகளை நம்பி அனுப்புவதற்கு அது ஒன்றே பாதிக் காரணமாகும்.

பரிசு பற்றியும் சொல்லவேண்டும். பல இடங்களில் 'சிறந்த வீராங்கனை' கிண்ணம் வைக்கிறார்கள். வந்த பெண்பிள்ளை ஒன்றே ஒன்று என்றால் அவளுக்கே கொடுக்கிறார்கள். கிண்ணத்தை வாங்கும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், தான் யாரையும் வெல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்தக் காசில் பத்துப் பிள்ளைக்கு பஸ் கட்டணம் கொடுங்கள். பத்துப் பேர் வந்தால் அதில் ஒருத்தி வெல்லட்டும்.

சாதாரண தரப் பரீட்சை வந்ததும் ரியூசனுக்காக முதலில் நிறுத்தப்படுவது செஸ். பையன்களுக்கும் இது உண்டு, ஆனால் அவர்கள் பரீட்சை முடிந்து திரும்பி வருகிறார்கள். பெண்பிள்ளைகள் திரும்புவதில்லை. தகப்பன்மாரே, மாதத்தில் ஒரு ஞாயிறு கேட்கிறேன். ஒரே ஒரு ஞாயிறு.

பிள்ளைகளே, இனி உங்களுக்குப் பரிசு தரப்போகிறார்கள். வாங்கியதும் ஓடிவிடாதீர்கள். வாசல் மேசையில் அடுத்த மாதப் போட்டிக்கான படிவம் இருக்கிறது. அதில் பெண்கள் பிரிவும் உண்டு, பொதுப் பிரிவும் உண்டு. பொதுப் பிரிவில் பெயரை எழுதுங்கள். தாய்மார் கையெழுத்துப் போடுங்கள், பேனை நான் வைத்திருக்கிறேன்.