மூவண்ணப் பூனையும் உறங்கும் குரோமோசோமும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பூனைகளின் நிறம் எவ்வாறு குட்டிகளுக்கு வந்து சேர்கிறது என்பதைப் பேசுவதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். எல்லா நிறங்களையும் தொட்டுச் செல்வதே திட்டம். ஆனால் மூவண்ணப் பூனையில் தொடங்கினால் நான் அதைவிட்டு எளிதில் நகர்வதில்லை என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

கறுப்பும் செம்மஞ்சளும் வெள்ளையும் திட்டுத் திட்டாகப் படிந்த பூனையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை அதைப் பார்க்கும்போது, தூக்கிப் பார்க்காமலேயே பெண் பூனை என்று சொல்லிவிடுங்கள். மிக அரிதாகவே தவறும்.

மரபணுக்களைத் தாங்கும் இழைகளே குரோமோசோம்கள். பூனைக்கு உள்ள 38 குரோமோசோம்களில் இரண்டு பாலைத் தீர்மானிப்பவை: பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும். செம்மஞ்சளைத் தரும் மரபணு அந்த எக்ஸில்தான் இருக்கிறது. ஆண் குட்டிக்குக் கிடைக்கும் ஒரே எக்ஸ் தாயிடமிருந்து வருவது. ஆகவே, செம்மஞ்சள் ஆண் குட்டி ஒன்று பிறந்ததும் பக்கத்திலுள்ள செம்மஞ்சள் கடுவனைக் காட்டி, ‘அப்பனை உரித்து வைத்திருக்கிறது’ என்று சொல்வது தவறு; அந்தப் புகழோ பழியோ முழுவதும் தாய்க்கே உரியது.

பெண் குட்டியின் கதை வேறு. தாய் தந்த எக்ஸ் ஒன்றும் தந்தை தந்த எக்ஸ் ஒன்றும் அதனிடம் இருக்கின்றன. கரு மிகச் சிறிதாக இருக்கும் பருவத்திலேயே ஒவ்வோர் உயிரணுவும் அவ்விரண்டில் ஒன்றை உறங்க வைத்துவிடுகிறது. எதை உறங்க வைப்பது என்பது தற்செயல்; ஆனால் ஒருமுறை உறங்கிய எக்ஸ், அந்த உயிரணுவின் வழித்தோன்றல்கள் அனைத்திலும் உறங்கியே கிடக்கும். இரண்டில் ஒன்று மட்டும் செம்மஞ்சள் தருவதாக இருந்தால், அந்த எக்ஸ் விழித்திருக்கும் இடத்தில் செம்மஞ்சள், உறங்கும் இடத்தில் கறுப்பு. 1949இல் கனடாவில் மர்ரே பாரும் பெர்ட்ராமும் பெண் பூனைகளின் நரம்பணுக்களில் மட்டும் ஒரு கருநிறப் புள்ளியைக் கண்டனர். அதுதான் அந்த உறங்கும் எக்ஸ். 1961இல் மேரி லயன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர், சுண்டெலிகளின் மயிர் நிறத்தைப் பார்த்து இந்த விளக்கத்தை முன்வைத்தார். மூவண்ண ஆண் பூனை அபூர்வமாகப் பிறப்பதுண்டு. பெரும்பாலும் அதற்குக் கூடுதலாக ஓர் எக்ஸ் இருக்கும்.

வெள்ளைக்குக் காரணம் வேறொரு மரபணு. நிறமி தரும் உயிரணுக்கள் கருவின் முதுகுப் பக்கத்திலிருந்து புறப்பட்டுக் கீழ்நோக்கிப் பரவுகின்றன. அவை வந்து சேராத இடம் வெள்ளையாக நின்றுவிடுகிறது. வெள்ளைத் திட்டுடைய பூனையின் வயிற்றையும் பாதங்களையும் பாருங்கள், முதுகை விட அங்கேதான் வெள்ளை மிகுதி.

எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சியைச் சொல்லாமல் போக முடியாது. 2001 டிசம்பரில் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில், ரெயின்போ என்ற மூவண்ணப் பூனையின் உயிரணு ஒன்றிலிருந்து உலகின் முதல் நகல் பூனையைப் பிறப்பித்தார்கள். சி.சி. என்று பெயர். மரபணுக்கள் அனைத்தும் அதே மரபணுக்கள். ஆனால் குட்டியின் உடலில் மருந்துக்குக்கூடச் செம்மஞ்சள் இல்லை! எடுத்த அந்த ஓர் உயிரணுவில் செம்மஞ்சள் தரும் எக்ஸ் ஏற்கெனவே உறங்கிப் போயிருந்தது, நகலெடுத்தபோதும் அது விழிக்கவில்லை. வெள்ளைத் திட்டுகளும் தாய்ப்பூனையின் இடங்களில் விழவில்லை. மன்னிக்கவும், ரெயின்போவைத் தாய் என்று சொல்லிவிட்டேன். மரபணுவின் கணக்கில் அது இரட்டைச் சகோதரி.

அந்தச் செம்மஞ்சள் மரபணு எது என்பது 2025இல்தான் உறுதியானது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரு குழுக்கள் தனித்தனியே ஆராய்ந்து, எக்ஸின் மரபுக் குறியீட்டில் சுமார் 5,000 எழுத்து நீளத் துண்டு ஒன்று விடுபட்டிருப்பதே காரணம் என்று வெளியிட்டன.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒரு விரல் காட்டுகிறார்கள். ஒரு நிமிடமே இருக்கிறது. சாம்பல் நிறப் பூனை, நிறமி நீர்த்துப் போன கறுப்புப் பூனை. அதற்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் நிறமியை நீர்க்கச் செய்யும் மரபணு வர வேண்டும். சயாமியப் பூனையின் நிறமி நொதி, உடற்சூட்டில் செயலிழந்து குளிர்ந்த பகுதிகளில் மட்டும் வேலை செய்கிறது. அதனால்தான் கருப்பையின் வெப்பத்திலிருந்து வெளுப்பாகப் பிறக்கும் குட்டிக்கு, சில நாட்களில் காதும் மூக்கும் வாலும் கருக்கத் தொடங்குகின்றன. வணக்கம்.