முகம் இல்லாத படங்கள்

வணக்கம் நேயர்களே. குன்னூரில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், வழக்கில் சிக்கித் திரும்பிய பையன்கள் சிலருக்குப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறேன் என்பதால் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். கேமராவைக் கொடுத்ததும் பையன் திருந்திவிடுவான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்திலிருந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் எஸ்டேட் லைன் வீட்டுக்குத் திரும்புகிறவனை எல்லோரும் ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள். கடையில் பார்ப்பார்கள், பஸ்ஸில் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டில் ஏதாவது காணாமல் போனால் கேட்கவே வேண்டாம். கேமரா கையில் இருக்கும்போது பார்க்கிற வேலை அவனுடையது.

ஒரு கட்டுப்பாடு உண்டு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆவது பிரிவு, இந்தப் பிள்ளைகளின் பெயரையோ படத்தையோ வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதனால் செல்ஃபி கிடையாது, கூட்டாளி முகமும் கிடையாது. முதலில் முணுமுணுப்பார்கள். அப்புறம் கொழுந்து பறித்துக் கறையேறிய அம்மாவின் விரல், வாசலில் காயும் பூட்ஸ், தன் நிழல் என்று தேட ஆரம்பிப்பார்கள்.

நம் ஊர் மூடுபனியும் ஒரு வாத்தியார்தான். எதைக் காட்டினாலும் கேமரா அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு இழுக்கும், பனி அழுக்காக விழும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவை, ஒரு படி கூட்டினால் வெள்ளை வெள்ளையாகவே வரும். மெஷின் முடிவு செய்ததைத் தான் மாற்றலாம் என்று தெரிந்த பையன், பள்ளிக்கூடத்தில் எதற்கும் வாய் திறக்காதவன், பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறான் பாருங்கள், எனக்கு அதுதான் முக்கியம்.

எல்லாப் படத்துக்கும் சூப்பர் என்று சொல்லாதீர்கள், பொய்ப் பாராட்டு அவர்களுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். எடுத்ததில் மூன்றை மட்டும் வைத்துக்கொள், மற்றதை ஏன் தள்ளினாய் சொல் என்பேன். 'சும்மா' என்பான். விடமாட்டேன். அவனிடம் இதுவரை 'ஏன்' என்று கேட்டவர்கள் எல்லாம் விசாரணைக்காகக் கேட்டவர்கள்.

1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் ஊட்டி இந்து நகர் ஆலையில் வேலை பார்த்த பெரியவர்கள் இந்த மலையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பையன்களின் பிரிண்ட்டைப் பார்த்துக் குறை சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் டிஜிட்டல் கேமரா இருந்தாலும் கொண்டு வாருங்கள், உங்கள் வீட்டுக் கல்யாணப் படங்கள் இருக்கிற மெமரி கார்டை மட்டும் கழற்றிவிட்டு.